மருமகனின் நாலு ஞாயிறுகள்

என் மருமகன் இங்கிலாந்துக்காரர். கீபோர்டு வாசிப்பதும் பாடுவதும் அவருக்குத் தொழில். ஜாஸ், ஃபங்க் என்று அந்தப் பாட்டுக்குப் பெயர் சொல்வார்கள். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மகளிடம் ஒருநாள் கேட்டேன். "ஜாஸ் உக்காந்து கேக்கறதும்மா. ஃபங்க் உக்கார முடியாம கேக்கறது" என்றாள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் விரல் வைத்து வாசித்து வாசித்து எழுத்து நிலைத்தது. ஒரு பக்கம் எழுத எனக்கு ரெண்டு நாள் ஆகும். ஆகட்டும். இங்கே பிளானோவில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்தில் அந்த நாலாவது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாதிப் பேர் சாப்பாட்டுக் கமிட்டி மேல் பழியைப் போடுகிறார்கள். தப்பு என்னுடையது. அதை என் கையாலேயே எழுதிவிடுகிறேன்.

மருமகன் பிறந்தது இங்கிலாந்தில் வடக்கே ஒரு ஊர். அவருடைய அப்பா பஸ் டிரைவர். அம்மா பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வீடு காலி செய்தபோது வேண்டாம் என்று விட்டுப்போன பியானோ ஒன்று இவர்கள் வீட்டு நடையில் நின்றதாம். அதில் நாலு கட்டை சத்தம் வராது. சத்தம் வராத இடத்தில் வாயால் பாடி நிரப்புவாராம். அப்படித்தான் வாசிப்பும் பாட்டும் ஒன்றாக வந்தது என்று சொல்வார். பதினாலு வயதில் பஸ் டிரைவர்கள் கூடும் கிளப்பில் வாசித்தார். பத்தொன்பது வயதில் ஒரு வேனில் ஏறி, ஒரு கோஷ்டியோடு ஊர் ஊராகப் போனார். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி என்று அவர் போகாத தேசம் இல்லை.

பெரிய பெரிய பாடகர்களுக்கு வாசித்திருக்கிறார். ஆனால் பின்னால் நின்றுதான். நம் ஊரில் பக்கவாத்தியம் என்போமே, அது. முன்னால் நின்று மைக் பிடிக்கிறவருக்கு வெளிச்சம் விழும். இவர் இருட்டில் நின்று வாசித்து, அவர்கள் பாட்டுக்குத் துணைக்குரல் கொடுப்பார். ரெக்கார்டு அட்டைகளை மகள் எனக்குக் காட்டியிருக்கிறாள். எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் எழுத்தில் கடைசி வரியில் அவர் பெயர். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் அந்தப் பெயரின் உருவம் மட்டும் பழகிவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எந்த அட்டையிலும் கண்டுபிடித்துவிடுவேன்.

ஒரு பாடகரோடு நியூஜெர்சிக்கு வந்த இடத்தில் கோஷ்டி உடைந்துபோனது. எல்லாரும் திரும்பிப் போனார்கள், இவர் தங்கிவிட்டார். என் மகள் அப்போது பார்சிப்பனியில் ஒரு ஆபீசில் வேலையாக இருந்தாள். சிநேகிதி கல்யாணத்தில் இவர் வாசிக்க வந்தார். பிறகு என்ன, கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பாளையங்கோட்டையில் என் சனங்கள் கேட்டார்கள்: "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"மியூசிக்" என்றேன்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. பிற்பாடு பிளானோவிலும் மியூசிக் டீச்சர் என்றே சொல்லிவைத்தேன். பாட்டுக்காரனுக்குப் பெண்ணைக் கொடுத்தாள் என்று ஒருத்தர் சொல்லிவிடக் கூடாது என்ற ரோஷம். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு மகள் என்னை அழைத்துக்கொண்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அது வேறு வருத்தம், இங்கே எழுதப்போவதில்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் நான் வந்து இறங்கிய அன்றைக்கு மருமகன் விமான நிலையத்தில் என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "அத்தே, சாப்ட்டியா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகள் அவரிடம் வா, போ என்று பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட தமிழ். "ஏட்டி, என்னட்டி சொல்லிக் குடுத்துருக்க?" என்று மகளைத் திட்டினேன். அவள் சிரித்தாள். இன்றுவரை அவர் என்னை நீ என்றுதான் சொல்கிறார். நான் அவரை நீங்க என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் மருமகனுக்கு எதிரே மாமியார் உட்காருவது வழக்கமில்லை. அவர் ஹாலுக்குள் வந்தால் நான் எழுந்துவிடுவேன். வயசானவள் எழுந்து நிற்கிறாளே என்று அவரும் உட்காராமல் நிற்பார். ரெண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். மகள் உள்ளேயிருந்து வந்து, "ரெண்டு பேரும் உக்காருங்களேன், பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு" என்பாள்.

அவர் வாசிப்பதை நான் கேட்டதே இல்லை. இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பார்சிப்பனியில் இருந்தது அபார்ட்மென்ட். கீழ்வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு ஆகக் கூடாது என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் பழகுவார். பாட்டு அவர் காதுக்குள்ளே. எனக்குக் கேட்டது கட்டைகள் அமுங்கும் டொக் டொக் சத்தமும், குதிகால் தரையில் விழும் சத்தமும்தான். சமையலறையில் வெங்காயம் நறுக்கும்போது சில சமயம் என் கத்தி அந்தக் குதிகாலோடு சேர்ந்துகொள்ளும். அதுவே பழகிப்போய், தனி வீடு வாங்கிய பிறகும் அவர் ஹெட்போனை விடவில்லை. வாசிக்கப் போகிற இடங்களுக்கு நான் போகமாட்டேன். குடிக்கிற இடம். சபையில் ஞானஸ்நானம் பெற்றவள் அங்கே போய் உட்காருவதா? அவர்கள் ரெண்டு பேரும் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

மகளுக்கு வேலை உயர உயர ஊர் மாறினோம். பார்சிப்பனியிலிருந்து கலிபோர்னியாவில் பிளசன்டன். அங்கிருந்து டெக்சாஸில் பிளானோ. ஒவ்வொரு முறையும் அவளுக்குப் பெரிய நாற்காலி. அவருக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. பாட்டுக்காரருக்கு வேலை விண்ணப்பம் போட்டு வருவதில்லை, தெரிந்தவர்கள் போன் பண்ணி வருவது. நியூஜெர்சியில் அந்தப் போன் அடிக்க ஆரம்பிக்கவே மூன்று வருஷம் ஆனது. நன்றாக அடித்துக்கொண்டிருந்தபோது கிளம்பினோம். ஃப்ரிட்ஜ், கட்டில், என் அம்மிக்கல் வரைக்கும் லாரியில் வந்தது. அவரைத் தெரிந்தவர்கள் லாரியில் வரவில்லை.

பிளசன்டனில் நம் ஆட்களின் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை மட்டும் பெரிய பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கத்து நகரத்துக்குப் போய் வாசித்துவிட்டு வருவார். அன்றைக்குக் காலையிலேயே முகம் வேறு மாதிரி இருக்கும், மீசை மழித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு. பிளானோவுக்கு வந்த பிறகு அந்த வெள்ளிக்கிழமையும் இல்லை. ரெண்டு வருஷம் போன் அடிக்கவில்லை. அவருக்கு வயது ஐம்பத்தைந்து. குறை சொல்லுகிற மனிதர் இல்லை. துணி மடிப்பார், புல் வெட்டுவார், எனக்கு டீ போட்டுக் கொடுப்பார். டொக் டொக் சத்தம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு வாரம் முழுக்கக் கேட்கவே இல்லை.

ஒருநாள் டோல்வே என்கிற சுங்கச் சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது மகள் அழுதாள். கண்ணைத் துடைக்கவும் முடியாமல், ஓட்டுவதை நிறுத்தவும் முடியாமல்.

"என்னட்டி?"

"அவர் விட்டுடப் போறாரும்மா. ஒரு வேர்ஹவுஸ்ல ஜாப் ஆஃபர் வந்துருக்கு. சனி, ஞாயிறு கம்பல்சரி ஷிஃப்ட். அதுல சேந்தா வாசிக்கறது முடிஞ்சுது. வீக்கெண்ட்லதானே எல்லா ஷோவும்."

"நீ வேண்டாம்னு சொல்லு."

"நான் எப்படிம்மா சொல்றது? என்னாலதான் ரெண்டு தடவை ஊர் மாறினார். எந்த வாயால சொல்ல?"

பிறகு மிச்சத்தைச் சொன்னாள். பிளானோ பழைய கடைத்தெருவில் ஒரு ரெஸ்டாரன்ட். நடத்துகிறவள் ஒரு அமெரிக்க அம்மாள். மருமகன் போய்க் கேட்டதற்கு, நாலு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை வாசித்துப் பாருங்கள் என்றிருக்கிறாள். நாலாவது ஞாயிறு பாதி நாற்காலியாவது நிறைந்து, சமையலறைக்கும் வேலை இருந்தால், எல்லா ஞாயிறும் அவருக்கு. இல்லையென்றால் இல்லை. இந்தத் தடவை பின்னால் நிற்பதில்லை. அவரே முன்னால், அவர் பாட்டு, அவர் பெயர். டிரம்ஸுக்கு ஒருத்தர், பேஸ் கிதாருக்கு ஒருத்தர், அவ்வளவுதான். அந்த வேர்ஹவுஸ் கிட்டங்கிக்காரர்களுக்கு நாலாவது ஞாயிறுக்கு மறுநாள் பதில் சொல்ல வேண்டும்.

முதல் ஞாயிறு ஏழு பேர் வந்தார்கள். ரெண்டாவது ஞாயிறு ஆலங்கட்டி மழை, யாருமில்லை. மூன்றாவது ஞாயிறு ஒன்பது பேர். "அதுல ரெண்டு பேர் ரெஸ்ட்ரூம் யூஸ் பண்ண வந்தவங்கம்மா" என்றாள் மகள்.

அன்றைக்கு நான் நிறைய யோசித்தேன். யாரிடமும் எதற்கும் போய் நின்றவள் இல்லை நான். ஆனால் எங்கள் ஐக்கியத்தில் அறுபது பேர் வருவார்கள். வெள்ளைக்காரர் சபை ஒன்றின் பின்பக்கக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, ஞாயிறு பகல் ஆராதனை நடத்துகிறோம். மூன்றாவது ஞாயிறு ராத்திரியே மகளிடம் சொல்லி, பாஸ்டர் ஐயாவுக்குப் போன் போட்டு, புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒரு அறிவிப்புச் செய்ய நேரம் கேட்டேன்.

எழுந்து நின்று சொன்னேன்: "வர்ற ஞாயிறு நாலு மணிக்கு என் மருமகன் பாடுறார். ஆராதனை முடிஞ்சதும் எல்லாரும் குடும்பமா வாங்க. பக்கத்துல ஒரு ஹால்லதான்."

ஹால் என்றேன். வாயில் ரெஸ்டாரன்ட் என்று வந்தது, மாற்றிக்கொண்டேன். ரெஸ்டாரன்ட் என்றால் எந்த ரெஸ்டாரன்ட் என்பார்கள். போனில் தேடுவார்கள். பாட்டில் வரிசை படம் வரும். மாமியார் சாராயக் கடைக்குச் சபையைக் கூப்பிட்டாள் என்று ஆகும்.

சாப்பாட்டுக் கமிட்டியைப் பார்க்கிற, எல்லாரும் அக்காள் என்று கூப்பிடுகிற ஒருத்தி உண்டு, என்னைவிடப் பத்து வயது இளையவள், நாசரேத்துக்காரி. அவள் கேட்டாள்: "ஏன் அக்கா, உங்க மருமகன் மியூசிக் டீச்சர்னுல்லா சொன்னீங்க?"

"டீச்சர் பாடக் கூடாதா?" என்றேன்.

"பாடட்டும், பாடட்டும். நாங்க வராம இருப்பமா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. பிழை எங்கே நுழைந்தது என்று அப்போது தெரியவில்லை.

நாலாவது ஞாயிறு பாஸ்டர் ஐயா எனக்காகப் பிரசங்கத்தைப் பத்து நிமிஷம் சுருக்கினார். நானும் மகளும் முன்னதாகவே கடைக்குப் போய்விட்டோம். செங்கல் சுவர், மர நாற்காலிகள், ஒரு பக்கம் நீளமாக மதுக் கவுண்டர். பாட்டில்கள் எல்லாம் விளக்குப் போட்டு அலங்காரமாக நின்றன. மருமகன் தரையில் மண்டியிட்டு வயர்களை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வயரைக் கீழே வைத்துவிட்டார்.

"அத்தே. நீ வந்தியா?"

"வந்துட்டேன்" என்றேன்.

அவரே ஒரு நாற்காலியை இழுத்து நடுவில் போட்டார். நான் தயங்கினேன். "சிட்" என்று சொல்லாமல் கையைக் காட்டிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார், நான் உட்காருவதைப் பார்க்காதபடிக்கு. அந்த நாசூக்கு எத்தனை பேருக்கு வரும்? உட்கார்ந்தேன்.

நாலு மணி ஆனது. எங்கள் ஆட்களில் ஒருத்தரையும் காணோம். ஆறேழு பேர் அங்கங்கே இருந்தார்கள். கடைக்காரம்மாள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தாள். சரியாக நாலுக்கு மருமகன் ஆரம்பித்துவிட்டார். மகள் வாசலையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். எனக்குப் பாட்டு காதில் ஏறவில்லை. அறுபது பேரும் எங்கே போனார்கள்?

நாலே காலுக்குக் கதவு திறந்தது. முதலில் உள்ளே வந்தது மனுஷர் இல்லை, அலுமினிய டிரே. அதன் மேல் ஃபாயில். பின்னால் இன்னொரு டிரே. அதன் பின்னால் இன்னொன்று. எலுமிச்சைச் சாதம், சிக்கன் வறுவல், பருப்பு வடை, கேசரி. பட்டுச் சேலைகளும் வெள்ளைச் சட்டைகளுமாக ஐம்பது பேர். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதனால்தான் தாமதம். எங்களுக்குள் ஹால் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வாடகைக்கு எடுத்த இடம், ஆளுக்கு ஒரு பாத்திரம். யாரும் சொல்லவே வேண்டாம். கையை வீசிக்கொண்டு வருகிற பழக்கம் எங்களிடம் இல்லை.

நாசரேத்து அக்காள் ஒரு நிமிஷம் வீணாக்கவில்லை. பின்பக்கம் நாலு மேசையை ஒன்றாக இழுத்துச் சேர்த்தாள். பிளாஸ்டிக் விரிப்பு விரித்தாள். காகிதத் தட்டுகளை எண்ணி அடுக்கினாள். வடை வாசனை கடை முழுக்கப் பரவிவிட்டது. கடைக்காரம்மாள் வேகமாக வந்து, வெளிச் சாப்பாடு இங்கே கூடாது என்று இங்கிலீஷில் சொன்னாள். அக்காள் ஒரு தட்டில் ரெண்டு வடையை வைத்து நீட்டினாள்.

"ஃபர்ஸ்ட் டேஸ்ட் பண்ணுங்க மேடம். வெரி சாஃப்ட்."

அந்த அம்மாள் தட்டை வாங்கவில்லை. நேராக என் மகளிடம் வந்தாள். "இது பார்ட்டி ஹால் இல்லை. சமையலறையில் மூன்று பேர் வேலையில்லாமல் நிற்கிறார்கள். இதற்காகவா நான் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தேன்?" மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். மருமகன் பாடிக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. ஆனால் கண் மேசை மேலேயே இருந்தது. வருகிறவர் கைகளில் இருக்கிற டிரேக்களையும் சும்மா நிற்கிற பரிமாறும் பெண்களையும் பார்த்து, அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

நாற்காலி நிறைந்துவிட்டது. நிறைந்ததனாலேயே போகப்போகிறது. வெறும் நாற்காலியாக இருந்திருந்தால்கூட இன்னொரு வாரம் கேட்டிருக்கலாம். இனி எதைக் கேட்பது? நாளைக்குக் காலையில் அவர் கிட்டங்கிக்காரர்களுக்குச் சரி என்று சொல்வார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வாசித்த கை அட்டைப்பெட்டி தூக்கும். எல்லாம் நான் சொன்ன ஒரு வார்த்தையால்.

அந்தப் பாட்டு முடிந்தது. நான் எழுந்தேன். கூட்டத்தின் பக்கம் திரும்பினேன்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க" என்றேன். சத்தம் அடங்கியது. "இது ஹால் இல்ல. கடை. சாப்பாடு விக்கிறாங்க, குடிக்கிறதும் விக்கிறாங்க. சொன்னா வரமாட்டீங்கன்னு மறைச்சுட்டேன். என் மருமகன் டீச்சரும் இல்ல. சின்ன வயசுலேருந்து இந்த மாதிரி எடத்துலதான் வாசிக்கிறார், பாடுறார். அதுதான் அவர் தொழில். பதினாலு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. எனக்கு மானக்கேடுன்னு நெனச்சேன். இன்னைக்கு இங்க யாவாரம் நடந்தாத்தான் அவருக்கு இந்த எடம் கெடைக்கும். டிரேயெல்லாம் காருக்குப் போகணும். இருக்கிறவங்க இங்க வாங்கிச் சாப்பிடுங்க. மனசுக்கு ஒப்பாதவங்க போயிருங்க, நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்."

பிறகு ஐக்கியத்தில் மூத்தவர் ஒருவர், கணக்குத் தணிக்கைக் கமிட்டியில் இருக்கிறவர், தன் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனார். இன்னும் ரெண்டு குடும்பம் அவர் பின்னால் போனது. கதவு மூடிய பிறகு எல்லாரும் பாஸ்டர் ஐயாவைப் பார்த்தார்கள். அவர் பாட்டில் வரிசையை ஒரு தடவை பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசை மேல் இருந்த மெனுவை எடுத்தார்.

"ஆனியன் ரிங்ஸ்னு போட்டுருக்கு" என்றார். "வெங்காய பஜ்ஜி மாதிரிதானே அது?"

"எண்ணெய் புதுசான்னு கேட்டுக்கிடுங்க ஐயா" என்றாள் நாசரேத்து அக்காள். சொல்லிக்கொண்டே டிரேக்களை ஃபாயிலால் மூட ஆரம்பித்துவிட்டாள். முகம் சுண்டிப்போயிருந்தது. என் பக்கம் திரும்பி மெதுவாக, "ஒரு வார்த்த சொல்லிருந்தா வட சுட்ட நேரம் தூங்கிருப்பேனே அக்கா" என்றாள். எனக்கு அது நாலு அடி அடித்த மாதிரி இருந்தது.

ஆம்பிளைகள் வரிசையாக டிரேக்களைத் தூக்கிக்கொண்டு கார்களுக்குப் போனார்கள். திரும்பி வந்த ஒவ்வொருத்தரும் ஆனியன் ரிங்ஸ் கேட்டார்கள். பாஸ்டர் ஐயா சாப்பிடுவதுதான் பாதுகாப்பு என்று தோன்றியிருக்கும். சமையலறையில் எண்ணெய் பொரிகிற சத்தம் மேடைவரைக்கும் வந்தது. பரிமாறுகிற பெண்கள் ஓடினார்கள்.

மருமகன் என் மகளைப் பார்த்தார், என்ன நடந்தது என்று. அவள் மேடையருகே போய்க் காதில் சொன்னாள். நிறைய நேரம் சொன்னாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மைக்கில் பேசினார். இங்கிலீஷ்தான், ஆனால் எனக்குப் புரிகிறபடி நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"நடுவில் உட்கார்ந்திருப்பவர் என் மாமியார். என் கச்சேரிக்குப் பதினாலு வருஷம் லேட்டாக வந்திருக்கிறார். ஆனால் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்."

டிரம்ஸ்காரர் ஒரு தட்டுத் தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அதன் பிறகுதான் நான் கேட்டேன். அத்தனை வருஷமாக நான் கேட்ட டொக் டொக்குக்கு உள்ளே இவ்வளவு இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. இடது கை ஒரு ஆள் நிதானமாக வீட்டுக்கு நடந்து போகிற மாதிரி போய்க்கொண்டிருக்க, வலது கை அந்த ஆளிடம் வழியெல்லாம் வம்பு பேசிக்கொண்டே வந்தது. குரல் இனிமையான குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு. வாசல் கேட்டில் நின்றுகொண்டு தெரிந்தவரிடம் பேசுகிற குரல். பின்னால் நின்று முப்பது வருஷம் மற்றவர்களுக்குக் கொடுத்த குரல் என்று யாரும் சொல்ல முடியாது. நடுவில் நிற்கவே பிறந்த குரல்.

எங்கள் ஆட்கள் முதலில் ஆராதனையில் இருப்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லாமலே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஒரு பாட்டு முடிந்ததும் வயதான ஒருவர் பழக்கத்தில் "ஆமென்" என்றார். பேஸ் கிதார்காரர் சிரித்துக்கொண்டே தானும் "ஆமென்" என்றார். அதற்கடுத்த பாட்டுக்கும் அப்படியே, அதற்கடுத்ததற்கும். கொஞ்ச நேரத்தில் நாசரேத்து அக்காளின் செருப்பு தரையில் தாளம் போடுவதைப் பார்த்தேன். முகம் மட்டும் இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருந்தது. தெருவில் நடந்துபோன அமெரிக்கர்கள், பட்டுச் சேலைக் கூட்டத்தைப் பார்த்துக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்கள். எட்டிப்பார்த்தவர்களில் சிலர் உள்ளே வந்து, சுவரோரம் நின்று, நாற்காலி காலியானதும் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆறு மணிக்கு முடிந்தது. கடைக்காரம்மாள் மருமகன் பக்கத்தில் போய் நின்று பேசினாள். எனக்குக் கேட்கவில்லை. அவர் வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார், பிறகு சுருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மகள் ஓடிவந்து சொன்னாள். "உன் மாமியார் கூட்டிட்டு வந்தவங்க அடுத்த வாரம் வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா தெருவுல போனவங்க உள்ள வந்தாங்க, வந்தவங்க யாரும் எழுந்து போகல. நான் அதைத்தான் பாத்தேன்" என்றாளாம் அந்த அம்மாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் எல்லா ஞாயிறும் அவருக்கு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாளாம். டிரே மட்டும் கூடாது என்றாளாம்.

மறுநாள் காலையில் மருமகன் கிட்டங்கிக்காரர்களுக்குப் போன் பண்ணி, மன்னிக்கணும், எனக்கு ஞாயிறு வேலை இருக்கிறது என்று சொன்னார். ஞாயிறு வேலை இருக்கிறது என்று அவர் சொல்வதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன்.

தணிக்கைக் கமிட்டி மூத்தவர் இப்போது என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார். பேசுவதில்லை. அவர் வருத்தம் நியாயமான வருத்தம்தான். நாசரேத்து அக்காள் மூன்று வாரம் பேசவில்லை. பிறகு ஒருநாள் போன் பண்ணி, "இந்த ஞாயிறு நானும் வாறேன், அந்தச் செருப்பத் தாளம் போட வச்ச பாட்டு இருக்குமா?" என்று கேட்டாள்.

அந்த நாலாவது ஞாயிறு வீட்டுக்குத் திரும்பும்போது மருமகன் கார் ஓட்டினார். மகள் களைத்துப்போய்ப் பின்னால் படுத்துக்கொண்டாள். அதனால் நான் முன் ஸீட்டில், அவர் பக்கத்தில். டோல்வேயில் ஏறினதும் கேட்டார்.

"அத்தே, பிடிச்சுதா?"

நல்லா இருந்தது என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் அன்றைக்கு ஒருநாளைக்கு நான் போதுமான அளவு தாழ்ந்துவிட்டேன் என்று தோன்றியது.

"நல்லாத்தான் இருந்துச்சு. கடைசிப் பாட்டு கொஞ்சம் நீளம்."

அவர் சிரித்தார். "ஓகே அத்தே. நெக்ஸ்ட் வீக், ஷார்ட்."

அடுத்த ஞாயிறு அந்தப் பாட்டு இன்னும் நீளமாக இருந்தது.